கூடில்லாத கரை

எங்கள் கல்லூரியில் சொந்தத் துறைக்கு வெளியே ஒரு விருப்பப் பாடத்தை எல்லாரும் எடுத்தாக வேண்டும். நான் பி.காம். மூன்றாம் ஆண்டு. தம்பி அர்ஹந்த் பி.சி.ஏ. இரண்டாம் ஆண்டு. யோகாவும் போட்டோகிராபியும் முதல் நாளே நிரம்பிவிட்டன. மிஞ்சியிருந்தது ‘புவி அறிவியல் அறிமுகம்’. நான் பெயர் கொடுத்ததைப் பார்த்து அவனும் கொடுத்தான்.

“நீ நோட்ஸ் எழுது. நான் ஜெராக்ஸ் எடுத்துக்கறேன். ஒரே வூட்ல ரெண்டு பேர் எதுக்குக் கஷ்டப்படணும்?” என்றான்.

அந்தப் பாடத்தின் களப்பணியில்தான் அவன் இறந்தான். எப்படி இறந்தான் என்று விசாரணையில் கேட்டபோது நான் ஒரு பொய் சொன்னேன். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பாடம் நடத்தியவர் வத்ஸலா மேடம். சின்ன காஞ்சிபுரத்துக்காரர். வருடா வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை. கணக்கும் கம்ப்யூட்டரும் படிக்கிற முப்பது பேருக்குக் கல்லையும் மண்ணையும் சொல்லித்தர வேண்டியிருந்தும் அவர் சலித்துக்கொண்டதில்லை. மண் அடுக்குகளில் கீழே இருப்பதுதான் வயதில் மூத்தது என்று அவர் சொன்ன அன்று அர்ஹந்த் எழுந்து, “அப்ப எங்கக்கா எனக்குக் கீழதான் இருக்கணும், மேடம்” என்றான். வகுப்பே சிரித்தது. மேடமும் சிரித்தார்.

இன்னொரு நாள் இரண்டு தட்டுகளில் மணல் கொண்டுவந்தார். காய்ந்த மணலை எப்படிக் குவித்தாலும் சரிந்து சரிந்து ஒரே சாய்வில் நின்றது. ஈர மணலைச் சுவர்போல் செங்குத்தாக நிறுத்திக் காட்டினார். “இந்த ஈரம் இருக்கற வரைக்கும்தான் இது சுவர். காயும்போது சொல்லிட்டு விழாது” என்றார். நான் அதை நோட்டில் எழுதிக் கோடும் போட்டேன்.

நாங்கள் திருப்பருத்திக்குன்றத்துச் சமணர்கள். அப்பா அனந்தநாதனுக்கு விவசாயமும் நெல் வியாபாரமும். அம்மா தயாவதி அடுப்பைப் பற்றவைக்கும் முன் எறும்பு இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பாள். கிணற்று நீரைத் துணியில் வடிகட்டி, துணியில் தங்கிய நீரை அதே கிணற்றில் விடுவாள், அதிலிருக்கும் உயிர்கள் சாகக் கூடாது என்று. மண்ணுக்குக் கீழே விளைகிற எதுவும் எங்கள் வீட்டில் சமைப்பதில்லை. அர்ஹந்த் கேன்டீனில் உருளைக்கிழங்கு போண்டா தின்பான். நான் காட்டிக்கொடுத்ததில்லை. ஆனால் நான் தின்றதும் இல்லை. அம்மா எப்படியோ நானும் அப்படி. வகுப்பில் மண் மாதிரிக்குள் ஒரு புழு நெளிந்ததை எடுத்து நான் செடியடியில் விட்டுவந்த நாளிலிருந்து, பின் பெஞ்சில் என் பெயர் ‘ஜீவகாருண்யம்’ ஆகிவிட்டது.

மார்ச் கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை எங்களைச் செவிலிமேட்டுப் பக்கம் பாலாற்றுக்கு அழைத்துப்போனார்கள். எப்போதோ மணல் அள்ளிய பள்ளங்களின் ஓரத்தில் ஆள் உயரத்துக்குப் பழைய கரை ஒன்று இருந்தது. மேடம் முதல் நாளே வந்து அதில் பதினைந்து இடங்களில் எண் எழுதிய சீட்டுக் குத்தியிருந்தார். இரண்டிரண்டு பேராக, கொத்தனார் கரண்டியால் ஒரு முழ அகலத்துக்குக் கரையைச் செதுக்கி, அடுக்குகளை அளந்து வரைய வேண்டும்.

“சீட்டு இருக்கற இடத்தைத் தாண்டாதீங்க. அந்த வளைவுக்கு அந்தாண்ட யாரும் போகக்கூடாது” என்று கரை வளைகிற இடத்தைக் காட்டி இரண்டு முறை சொன்னார்.

எங்களுக்கு நான்காம் இடம். அதில் எலுமிச்சை அளவில் ஆறேழு பொந்துகள். நாங்கள் நிற்கும்போதே ஒரு பஞ்சுருட்டான் குருவி வாயில் தும்பியோடு வந்து ஒரு பொந்துக்குள் நுழைந்தது. உள்ளே குஞ்சுகள் கத்தின.

“குடித்தனம் நடக்குதுக்கா. அட்வான்ஸ் குடுத்துட்டுதான் கை வைக்கணும்” என்றான்.

“இதுல கரண்டி போடாத.”

“ஓரமா செதுக்கறேன்.”

“ஓரத்துல எறும்பு. முட்டையத் தூக்கிக்கினு போவுது பாரு.”

“அப்ப மேடம்கிட்ட போயி வேற இடம் கேளு.”

மேடம் அந்தக் கோடியில் பன்னிரண்டாம் இடத்தில் இருந்தார். அவரைச் சுற்றிப் பின் பெஞ்ச் ஆட்கள். நான் போய்ப் பறவைக் கூடு என்று சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். போகவில்லை. வளைவுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். இரண்டு ஆள் உயரத்துக்குச் சுத்தமான கரை. வழித்து விட்டதுபோல் வழவழவென்று இருந்தது. பொந்து இல்லை, வேர் இல்லை, ஓர் எறும்பு இல்லை.

“இங்க ஒரு உசுரும் இல்லடா. வா.”

“அந்தாண்ட வேணான்னாங்களேக்கா.”

“பத்து நிமிஷம். செதுக்கக்கூட வேணாம். வாடா.”

வந்தான். நான் சொன்னால் அவன் வந்துவிடுவான்.

பறவை பொந்து போடவும் வேர் இறங்கவும் எறும்பு குடியேறவும் கரைக்கு வயதாக வேண்டும். அந்தக் கரையில் எதுவும் இல்லாததற்குக் காரணம், சில நாட்களுக்கு முன்புதான் அதன் முகம் சரிந்து விழுந்திருந்தது. அதற்குள் ஈரம் காய்ந்துகொண்டிருந்தது. இதைப் புரிந்துகொள்ளத் தேவையான எல்லாம் என் நோட்டில் என் கையெழுத்தில் இருந்தது.

நான் ஐந்தாறு அடி தள்ளி உட்கார்ந்து எழுதினேன். அவன் ஸ்கேலை வைத்து வைத்துச் சொன்னான். “மஞ்ச மணல், பதினெட்டு சென்டிமீட்டர். களிமண், நாலு.” நான் நாலு என்று எழுதினேன். லாரியிலிருந்து மூட்டையைத் தள்ளியதுபோல் ஒரு சத்தம். நிமிர்ந்தபோது சுவரும் இல்லை, அவனும் இல்லை. ஒரு மணல் சரிவு மட்டும் இருந்தது.

கையாலும் டிபன் பாக்ஸ் மூடியாலும் தோண்டினோம். தோண்டத் தோண்ட மேலிருந்து இறங்கியது. மேடத்தின் நகங்கள் பிய்ந்து ரத்தம் வந்தது. செங்கல் சூளையிலிருந்து ஆட்கள் மண்வெட்டியோடு ஓடிவந்த பிறகுதான் அவனை எடுக்க முடிந்தது. நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.

மறுநாள் மதியம் உடலைக் கொடுத்தார்கள்.

அப்பா என்னிடம் எதையும் கேட்கவில்லை. வருகிறவர்களிடம் எல்லாம் ஒன்றையே சொன்னார்: “டீச்சரு புள்ளைங்கள பள்ளத்துக்கு அனுப்பிட்டு இன்னா பண்ணிக்கினு இருந்தாங்க?” கல்லூரிக்குப் புகார் எழுத வேண்டும் என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள். வீட்டில் நல்ல கையெழுத்து என்னுடையது. அப்பா சொல்லச் சொல்ல எழுதினேன். ‘விரிவுரையாளர் ஆபத்தான இடத்துக்கு அனுப்பியதால்’ என்ற வரி வந்தபோது பேனா நின்றது. அப்பா திரும்பவும் சொன்னார். எழுதிவிட்டேன்.

மேடத்தைப் பணிக்கு வர வேண்டாம் என்று நிறுத்திவைத்தார்கள். தான் அனுப்பவில்லை என்று அவர் எழுதிக் கொடுத்தாராம். போகக்கூடாது என்று அவர் சொன்னதை எல்லாரும் கேட்டிருந்தார்கள்; பிறகு எங்களை மட்டும் அனுப்பினாரா என்பது எனக்குத்தான் தெரியும். அவர் வேலை என் ஒரு வார்த்தையில் இருந்தது.

விசாரணைக்கு மூன்று நாள் இருக்கும்போது, அப்பா நெற்களத்தில் தனியாக இருந்த நேரம் பார்த்துச் சொன்னேன். குருவிக் கூட்டை, எறும்பை, நான் கூப்பிட்டதை எல்லாம் சொன்னேன். சாக்குத் தைத்துக்கொண்டிருந்தவர் ஊசியைக் கீழே வைத்தார்.

“உங்கம்மாகிட்ட சொன்னியா?”

“இல்லப்பா.”

“சொல்லாத. அவ வளத்த வளப்பாலதான் புள்ள போனான்னு அவ காதுல வுழுந்தா, அப்புறம் அவ எதப் புடிச்சிக்கினு இருப்பா? அவளுக்கு இருக்கறது அது ஒண்ணுதான்.”

“டீச்சருக்கு வேலை போயிடும்பா.”

“போவட்டும். வேற வேலை கிடைக்கும்.”

“அவங்க ரெண்டு தடவ சொன்னாங்கப்பா, போவாதீங்கன்னு.”

அவர் ஊசியை எடுத்துக்கொண்டார்.

விசாரணை நாளில் அம்மாவும் வந்தே தீருவேன் என்று வந்தாள். முதல்வர், இன்னொரு பேராசிரியர், எதிரே வத்ஸலா மேடம். அவர் விரல்களில் இன்னும் பிளாஸ்திரி இருந்தது. அம்மா எனக்கும் அப்பாவுக்கும் நடுவில் உட்கார்ந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“வளைவுக்கு அந்தப் பக்கம் போகச் சொன்னது யாரும்மா?” என்று முதல்வர் கேட்டார்.

“யாரும் சொல்லல, சார். மேடம் போகக் கூடாதுன்னுதான் சொன்னாங்க. நான்தான் தம்பியக் கூப்பிட்டேன்.”

அம்மாவின் கை என் மணிக்கட்டிலேயே இருந்தது.

“ஏன்? உங்களுக்குக் குடுத்த இடத்துல என்ன பிரச்சினை?”

இந்தக் கேள்விக்கு நான் தயாராகத்தான் வந்திருந்தேன். “வெயிலா இருந்துது, சார். அந்தப் பக்கம் நிழல் இருந்துது.”

அந்தக் கரை கிழக்குப் பார்த்தது. காலை பத்து மணிக்கு அங்கே நிழல் இருக்க வழியே இல்லை. அது வத்ஸலா மேடத்துக்குத் தெரியாமல் இருக்காது. அவர் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாய் திறந்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

எழுதிக்கொண்டிருந்த பேராசிரியர் ‘நிழலுக்காக’ என்று ஒருமுறை உரக்கப் படித்துக்காட்டி என்னிடம் கையெழுத்து வாங்கினார்.

வெளியே வந்ததும் மேடம் என்னைத் தனியே அழைத்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

“நாலாவது இடத்துல கூடு இருந்துதுல்ல?”

தலையாட்டினேன்.

“நான் சீட்டுக் குத்தறச்சே கவனிக்கலம்மா, அப்புறம் போய்ப் பார்க்கறச்சேதான் தெரிஞ்சுது. எங்கிட்ட வந்து சொல்லியிருந்தா அஞ்சாவது இடத்துல இருந்தவங்களோட சேர்த்து விட்டிருப்பேனே. ஏன் சொல்லல?”

சிரிப்பார்கள் என்று பயந்தேன் என்பதை அவரிடம் என்னால் சொல்ல முடியவில்லை.

மேடத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வருடம் அந்தப் பாடத்தையே நிறுத்திவிட்டார்கள். அவர் ஒப்பந்தமும் அதோடு முடிந்தது.

அன்று ஆட்டோவில் வரும்போது அம்மா என் பக்கம் திரும்பி, “நிழலுக்காகவாடி?” என்று கேட்டாள்.

அப்பா மறுபக்கம் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு வார்த்தை சொல்வார் என்று பிள்ளையார்பாளையம் வரைக்கும் காத்திருந்தேன். பிறகு, “ஆமாம்மா” என்றேன்.

அதற்குப் பிறகு மூன்று வருடம் அம்மா எனக்குச் சோறு போட்டாள், காய்ச்சல் வந்தால் கஷாயம் வைத்தாள், கோயிலுக்குப் போனால் எனக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டாள். என்னோடு பேசவில்லை. ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் சுவரைப் பார்த்துச் சொல்வாள். விரதங்களைக் கூட்டிக்கொண்டே போனாள். மாதத்தில் பாதி நாள் ஒரு வேளைதான் சாப்பாடு. அப்பா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் இருவருக்கும் நடுவில் அவர் ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. நான் அவரிடம் கேட்கவும் இல்லை.

போன தை மாதம் அம்மா போய்விட்டாள். சிறுநீரகம் என்றார்கள். கடைசி வாரத்தில் அர்ஹந்தின் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னை நர்ஸ் என்று நினைத்து ஒருமுறை கையைத் தடவிக் கொடுத்தாள்.

பதினாறு நாள் கழிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு அப்பா என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

“இனிமே நீ உண்மையச் சொல்லலாம்மா” என்றார்.

“யாருகிட்டப்பா?”

வெளியே வண்டிக்காரர் கூப்பிட்டார். நெல் மூட்டை ஏற்ற வந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு அப்பா எழுந்து போனார்.