காதால் கேட்ட வாக்கியம்

நாய்ஸ் என்ற ஆங்கிலச் சொல்லுக்கான சீட்டு மூன்று நாளாக அகராதிக்காரரின் மேஜையிலேயே கிடந்தது. பொருள் எழுதியாகிவிட்டது: இரைச்சல், சத்தம். பிறந்த கதையும் எழுதியாகிவிட்டது. கப்பலில் போகிறவர்களுக்கு வயிற்றைப் புரட்டுமே, அந்தக் குமட்டலுக்கான லத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்கிறார்கள். பிரெஞ்சுக்குப் போய்ச் சண்டை சச்சரவாகி, ஆங்கிலத்தில் வெறும் இரைச்சலாக வந்து நின்றுவிட்டதாம். பாக்கி, எடுத்துக்காட்டு வாக்கியம் ஒன்றுதான். அதற்கு அந்த அலுவலகத்தில் கறாரான விதி உண்டு. வாக்கியத்தைக் கற்பனை செய்யக் கூடாது. யாராவது சொல்லிக் காதால் கேட்டதாக இருக்க வேண்டும். சொன்னவர் பெயரும் வேண்டும்.

கேட்பதற்கு வீட்டில் யார் இருக்கிறார்கள்? மனைவி போய் நாலு வருஷம். மகளும் பேரனும் வந்து தங்கியிருந்த வரைக்கும் வீடு வீடாக இருந்தது. அதையும் இவர் தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டார்.

"என்ன சார், இன்னுமா முடியல? ஒரே ஒரு வாக்கியம்தானே!" என்றாள் தட்டச்சுக்காரி. "அகராதி புடிச்ச ஆளுன்னு சும்மாவா சொல்றாங்க!"

அவர் சிரித்து வைத்தார். வாக்கியம் இல்லாமலில்லை. "சத்தம் போடணும்னா உங்க வீட்டுக்குப் போய்ப் போடு." மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்த எரிச்சலில், ஐந்து வயதுப் பிள்ளையிடம் அவரே சொன்னது. மகளுக்கு அப்போது போக வேறு வீடு இல்லை. அது தெரிந்தேதான் சொன்னார், பாவி மனுஷன். அன்று சாயங்காலமே அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஒரு தோழி வீட்டுக்குப் போய்விட்டாள். ஐந்து மாதமாகப் பேச்சில்லை. அந்தச் சொல் வந்த வழியில் இவர் தலைகீழாக நடந்திருந்தார். சத்தத்தில் தொடங்கியது சண்டையாகி, இப்போது தினமும் வயிற்றைப் புரட்டியது.

வாக்கியத்தைச் சீட்டில் எழுதினார். சொன்னவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதக் கை வரவில்லை. எழுந்து வராந்தாவுக்குப் போய் மகளுக்கு போன் போட்டார்.

"சொல்லுங்கப்பா."

அவள் குரலுக்குப் பின்னால் பேரன் எதையோ தரையில் உருட்டிக்கொண்டு கத்தினான்.

"போன்ல யாரும்மா?" என்றான் பையன்.

"தாத்தாடா."

சட்டென்று எல்லாம் அடங்கிவிட்டது. யாரும் அவனை அதட்டவில்லை.

"விளையாடச் சொல்லும்மா," என்றார். "நான் சும்மா கேட்டுட்டு இருக்கேன்."

"விளையாடுடா கண்ணா, தாத்தா ஒண்ணும் சொல்ல மாட்டார்" என்று மகள் சொல்வது கேட்டது. அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். அந்தப் பக்கம் ஒரு சின்ன மூச்சு மட்டும், போனுக்கு மிக அருகில், வந்து போய்க்கொண்டிருந்தது.