நிமிடச் சந்தை

பொருளாதார மாநாட்டில் அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. நம் பொருளாதார அறிஞர்களிடையே தாராளவாதம் வளர்ந்த வரலாறுதான் என் கட்டுரை. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த துறைத்தலைவிக்கு அது பிடித்துவிட்டால் விரிவுரையாளர் வேலை எனக்குத்தான். என்னோடு மேடையில் இருந்தவர்களோ அந்த வரலாற்றின் நாயகர்களே. ஒருவர் என் தாய்மாமா. இன்னொருவர், இறக்குமதி வரியை ஒழிக்கச் சொல்லிச் சொல்லியே தலை நரைத்த பேராசிரியை, பட்டப்பெயர் சுங்கம்மா. அரசு ஒதுங்கிக்கொண்டால் சந்தை தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் என்பதில் இருவரும் ஒரே கட்சி. மற்ற எல்லாவற்றிலும் எலியும் பூனையும்.

தலைமை தாங்கியவர் ஓய்வுபெற்ற திட்டக்குழு அதிகாரி. மூவருக்கும் சமமாக நேரம் பிரித்து அறிவித்தார்.

மாமா துள்ளி எழுந்தார். "நேரத்தைப் பங்கு போட நீங்க யாரு சார்? எங்களுக்குள்ள நாங்களே பேசி மாத்திக்குவோம்!"

"அதானே!" என்றார் சுங்கம்மா. கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன், மடச்சி.

பேரம் தொடங்கியது.

"உங்க நேரத்துல பாதியை எனக்குக் கொடுங்க மேடம். மத்தியானம் என் அமர்வுல ரெண்டு மடங்காத் தர்றேன்."

"சாப்பிட்டுட்டு எல்லாரும் தூங்குற நேரம் எனக்கு எதுக்கு சார்? உங்க முன்னுரையை விட்டுக் கொடுங்க, பேசலாம்."

"மாமா, என்னோட நேரம்..."

"இரும்மா, முதல்ல பேரம் படியட்டும்!"

அரங்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எனக்கும் சிரிப்பு; என் நேரம் போகிறதே என்ற பயம் வேறு. அடுத்த அமர்வுக்காரர்கள் வாசலில் நின்று எட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

அதிகாரி மேசையைத் தட்டினார். "மிச்சம் இருக்கறது அஞ்சே நிமிஷம். அது இந்தப் பொண்ணுக்கு. இது உத்தரவு."

உத்தரவு என்றாலே கொதித்தெழும் கட்சியின் வரலாற்றை எழுதியவள், ஓடிப்போய் மைக்கைப் பிடித்துக்கொண்டேன். கட்டுரையைப் படிக்க எங்கே நேரம்? மூடி வைத்தேன்.

"நம்ம நாட்டுல தாராளவாதத்தைத் திட்டக்குழுக்காரங்க தோற்கடிச்சுட்டாங்கன்னு எல்லாரும் எழுதறாங்க. நானும் வருஷக்கணக்காத் தேடிப் பார்த்தேன். திட்டக்குழுக்காரங்களுக்கு அந்த வேலையே வரல. இவங்க ரெண்டு பேரும் இன்னும் பேரத்தையே முடிக்கல!"

"தப்பு!" மாமாவும் சுங்கம்மாவும் ஒரே குரலில் கத்திக்கொண்டே எழுந்தார்கள். பிறகு ஒருவரையொருவர் திடுக்கிட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

அரங்கமே சிரிப்பில் அதிர்ந்தது. துறைத்தலைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே மேடைக்கு வந்தார். "திங்கட்கிழமை வேலையில சேர்ந்துடும்மா. வகுப்பு எந்த நேரத்துல வேணும்?"

மாமா ஆவலோடு என் பக்கம் சாய்ந்தார்.

"நீங்களே பார்த்து ஒதுக்கிடுங்க மேடம்" என்றேன்.