ஒரே பாட்டில் மீடியா

எங்கள் ஆய்வகத்தில் ஒரு சட்டம் உண்டு: ஒரு செல் வகைக்கு ஒரு பாட்டில். செல்கள் குடித்து வளர்கிற மீடியாவை இரண்டு வகைக்குப் பொதுவாக ஊற்றவே கூடாது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களை இதற்காக நான் திட்டாத திட்டு கிடையாது. அந்தச் சட்டத்தை மீறியவள் நான்தான்.

தம்பியின் ஈரல் கட்டியிலிருந்து வெட்டிய துண்டு என்னிடம் வந்தது. அந்தச் செல்களைத் தட்டில் வளர்த்து, இருக்கிற ஐந்து புற்றுநோய் மருந்துகளையும் ஊற்றிப் பார்த்து, எது கொல்கிறதோ அதை அவனுக்குக் கொடுப்பதாக டாக்டர் சொல்லியிருந்தார். ஒவ்வொன்றாக உடம்பில் ஏற்றி அவனை வதைப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் செல்களும் அவனைப் போலவே சோம்பேறிகள். மூன்று வாரமாகியும் மெல்லத்தான் வளர்ந்தன. கொஞ்சத்தை ஒரு குப்பியில் உறையவைத்தேன். மறுநாள் எனக்கிருந்த அவசரத்தில், ஆய்வகத்தில் பல வருடமாக வளரும் பழைய செல்களுக்கான மீடியா பாட்டிலிலிருந்தே அவன் தட்டுக்கும் ஊற்றித் தொலைத்தேன்.

இரண்டே வாரத்தில் தட்டு நிறைந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றாவது மருந்தில் எல்லாம் செத்தன. டாக்டர் அதையே ஆரம்பித்தார்.

இரண்டு மாதத்தில் கட்டி இருமடங்கானது. அந்தப் பாட்டில் ஞாபகத்துக்கு வந்தது. தட்டுச் செல்களையும் தம்பியின் ரத்தத்தையும் மரபணுச் சோதனையில் ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். தட்டில் தம்பி இல்லவே இல்லை. என் பாட்டில் வழியாகப் புகுந்த பழைய செல்கள் மளமளவென்று பெருகி, அவனுடையவற்றை அமுக்கியிருந்தன.

உறைந்த குப்பியை எடுத்தேன். இந்த முறை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வளர்த்தேன். மூன்றாவது மருந்தை அவை சட்டைகூடச் செய்யவில்லை. ஐந்தாவதில் கூண்டோடு செத்தன.

சோதனை முடிவுத் தாளை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். முதலிலேயே என்றால் கொடுத்திருக்கலாம், இப்போது ஈரல் தாங்காது என்றார். பாவி மனுஷன், என்னைத் திட்டக்கூட இல்லை.

தம்பியின் கட்டிலோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினேன். சுவரைப் பார்த்தபடி கேட்டான். அஞ்சாவது மருந்து நிஜமாகவே வேலை செய்ததா என்று மட்டும் விசாரித்தான். செய்தது என்றேன்.

"இதை அம்மாகிட்ட சொல்லிடாதக்கா," என்றான். "நான் போனப்புறம் அவங்களுக்கு நீ மட்டும்தானே."