எச்.டி.யில் ஸ்டார் மாமா

டிஷ் மாட்டுகிறவனுக்குப் பெண்ணைக் கொடுத்தால் ஆயுசுக்கும் டி.வி. பார்ப்பதில் கஷ்டம் இருக்காது என்று கணக்குப் போட்டுத்தான் ஸ்டார் மாமா இந்தச் சம்பந்தத்துக்குத் தலையாட்டினார் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. அது முழுப் பொய் என்று சொல்லிவிட முடியாது. கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை முதல்முறையாக வீட்டுக்கு வந்தபோது, உட்காரச் சொல்வதற்கு முன்னால், "அந்த விளையாட்டுச் சேனல் மட்டும் விட்டு விட்டு வருது மாப்ள, என்னன்னு பாருங்க" என்றுதான் வரவேற்றார். மாப்பிள்ளையும் புதுச் சட்டையோடு மொட்டை மாடி ஏறினான்.

ஸ்டார் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. ரொம்பப் பழைய படம் ஒன்றில், ரயிலிலிருந்து இறங்கிய கதாநாயகன் ஸ்டேஷன் வாசலுக்கு வருவான். பின்னால் கூட்டம். அந்தக் கூட்டத்தில், நாயகனின் இடது தோளுக்குப் பக்கத்தில், கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் காமிராவை ஒரு பார்வை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவர்தான் மாமா. தும்மினால் தவறிவிடும், அவ்வளவுதான் நேரம். ஆனால் அந்த ஒரு தும்மல் நேரத்தை வைத்துக்கொண்டு மாமா ஒரு முழு வாழ்க்கை ஓட்டிவிட்டார். குடிநீர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், பேச்சை எடுத்தால் "நான் சினிமால இருந்தப்ப" என்றுதான் எடுப்பார்.

அந்தப் படம் டி.வி.யில் வருகிற நாளில் வீட்டில் யாரும் வேறு வேலை பார்க்கக் கூடாது. மாமா நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "இப்ப வரும், இப்ப வரும்" என்பார். வரும், போய்விடும். பார்த்தவர்களுக்கு ஒரு சாம்பல் நிறக் கறையும், அதற்குக் கீழே ஒரு மஞ்சள் கறையும் ஞாபகம் இருக்கும். எதிர்வீட்டு வாத்தியார் அதற்கும் மசிய மாட்டார்.

"யாரோ நிக்கிறார், சரி. அது நீங்கதான்னு எப்படி சொல்றது? நான்தான்னு நானும் சொல்லலாமே" என்பார்.

"உங்களுக்கு அந்த சட்டை இருந்துச்சா?" என்று அத்தைதான் சண்டைக்குப் போவார். புருஷன் பேச்சில் அத்தைக்கு அப்படி ஒரு நம்பிக்கை. மாமா கிழக்கே சூரியன் மறைகிறது என்றால், இன்றைக்கு ஏதோ காரணமாக இருக்கும் என்பார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில்தான் எச்.டி. வந்து புகுந்தது.

மாப்பிள்ளை வேலை பார்க்கிற டிஷ் கம்பெனி, சந்தாதாரர்களுக்கு எச்.டி. சேனல்களை ஒரேயடியாக ஏற்றி விட்டது. செய்தி, விளையாட்டு, சமையல், கார்ட்டூன் எல்லாம் இனிமேல் துல்லியம். அதற்குப் புதுப் பெட்டி. கூடவே டிஷ்ஷை இன்னும் கொஞ்சம் சரியாகத் திருப்பி வைக்க வேண்டும். பழைய சேனல்கள் டிஷ் ஏனோதானோவென்று நின்றாலும் வந்துவிடும். எச்.டி. அப்படி இல்லை, மயிரிழை விலகினாலும் கோபித்துக்கொள்ளும். மாப்பிள்ளை வீடு வீடாகப் போய்ப் பெட்டியை மாட்டி, கம்பெனி சொல்லிக்கொடுத்ததைக் கிளிப்பிள்ளையாக ஒப்பித்தான். "முன்ன மாதிரி இல்லைங்க. சிக்னல் போனாலும் படம் போகாது. நீலத் திரை வந்து உங்களுக்கு எரிச்சல் வரக் கூடாதுன்னு கடைசியா வந்த படத்தை அப்படியே புடிச்சு வச்சுக்கும்." சொல்லிச் சொல்லி, தான் என்ன சொல்கிறோம் என்பதே அவன் காதில் விழாமல் போயிருந்தது.

மக்களுக்குச் சந்தோஷம் ஒரு வாரம் தாங்கியது. அப்புறம் போன் மேல் போன். செய்தி வாசிக்கிற அம்மாவுக்குக் கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம் என்று ஒருவர் புகார் செய்தார். தான் உயிரை வைத்திருந்த சீரியல் வில்லனின் மீசை ஓரத்தில் பசை தெரிகிறது, பழைய பெட்டியையே திருப்பிக் கொடு என்று ஒரு பெரியம்மா அழுதே விட்டார். தெளிவு என்பது எல்லாருக்கும் ஒத்துவருகிற சமாச்சாரம் இல்லை என்று மாப்பிள்ளைக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

பழைய படங்களைத் துடைத்து மெருகேற்றிப் போடுவதற்கென்றே ஒரு புது எச்.டி. சேனல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எந்தப் படம் என்று விளம்பரம் ஓடியதும் மாப்பிள்ளையின் மனைவி அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா படம் வருதுங்க. இந்த தடவை மூஞ்சி பளிச்சுன்னு தெரியும். அந்த வாத்தியாரை நம்ம வீட்டுக்கே கூப்பிட்டு உட்கார வச்சு காட்டணும். நாளைக்கே பொட்டிய மாட்டுங்க."

மறுநாள் மாப்பிள்ளை பெட்டியோடு போனான். அத்தைக்குத் தலைகால் புரியவில்லை. தேநீர் போடுகிறேன் என்று அடுப்பங்கரைக்கு ஓடி, சர்க்கரை டப்பாவிலிருந்து ஒரு மஞ்சள் கப்பால் அள்ளி அள்ளிப் போட்டார். ஒரு காலத்தில் ஏதோ பிளாஸ்க்குக்கு மூடியாக இருந்த கப். பச்சைக் கோடு இரண்டு போட்டு, விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்து, அந்த வீட்டுச் சர்க்கரைக்கு வெகுகாலமாக அதுதான் அளவு. மாமா மட்டும் தேநீரைத் தொடவில்லை. "டிஷ்ஷ பாக்கலாம் வாங்க" என்று மாப்பிள்ளையை மாடிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

மேலே போனதும் கதவைச் சாத்தினார்.

"மாப்ள, இந்த எச்.டி. நம்ம வீட்டுக்கு வேண்டாம்."

மாப்பிள்ளைக்குப் புரிந்துவிட்டது போலிருந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஏன் மாமா, அது நீங்க இல்லையா?" என்றான்.

"நான்தான். அதுதான் பிரச்சனையே."

தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து மாமா எல்லாவற்றையும் கொட்டினார். மகள் பிறந்த அன்று அத்தை ஆஸ்பத்திரியில் வலியோடு கிடந்தார். தொண்டை காய்கிறது, சுடுதண்ணீர் வேண்டும் என்று கேட்டார். மூடியை அங்கேயே வைத்துவிட்டு மாமா பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பினால், எதிரே ஷூட்டிங். கூட்டத்துக்கு ஆள் பத்தவில்லை என்று ஒருவன் தோளைத் தட்டினான். ஒரு நிமிஷம் நின்றால் போதும் என்றான். அந்த ஒரு நிமிஷம் சாயங்காலம்தான் முடிந்தது. போய்ப் பார்த்தால் குழந்தை பிறந்து, குளிப்பாட்டி, தூங்கியும் விட்டது. பஸ் ரிப்பேர், இறங்கி நடந்தேன், நெரிசலில் பிளாஸ்க்கும் போய்விட்டது என்று சொல்லிவிட்டார். உண்மையில் பிளாஸ்க்கைத் தண்டவாளத்துப் பக்கம் தூக்கிப் போட்டிருந்தார். படம் வந்தபோது, அது வேறொரு நாள் எடுத்தது என்றார். அத்தை இரண்டையும் நம்பினார்.

"அந்த மஞ்சளா தெரியுதே மாப்ள, அதுதான் பிளாஸ்க்கு. இத்தனை நாளா கறையா இருந்துச்சு. உங்க கம்பெனிக்காரன் அதுக்கு பச்சைக் கோடு வரைக்கும் காட்டுவான். அவ கையில மூடி இருக்கு. அவ என்னைப் பாக்குற மாதிரி அப்புறம் பாக்க மாட்டா. எனக்குன்னு இருக்குறது அது ஒண்ணுதான்."

மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்த வேகத்தில் போய்விட்டது. ஊரெல்லாம் அளந்து திரிகிற மனுஷன் இப்படிக் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கூடவே, மாமனார் ஆயுசுக்கும் நமக்குக் கடன்பட்டவர் ஆவார் என்ற சின்னக் கணக்கும் ஓடியது.

"பொட்டிய மாட்டலைன்னா உங்க பொண்ணு என்னை விடமாட்டா. மாட்டிடறேன். அந்தக் காட்சி வரும்போது நான் இங்க இருக்கேன். நீங்க ரெண்டு தடவை இருமுங்க. டிஷ்ஷ ஒரு இழுப்பு திருப்பிடறேன். படம் போயிடும், நீலமா வந்து நிக்கும். காட்சி முடிஞ்சதும் சரி பண்ணிக்கலாம்."

மாமா அவன் கையைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார். அவருக்குத் திரைக்கு நேராக நாற்காலி. அத்தை பிஸ்கட் தட்டை அவர் பக்கமே நகர்த்தி வைத்து, "நல்லா பாருங்க" என்றார். படம் ஆரம்பித்தது. நாயகன் சட்டைப் பொத்தானில் தொங்கிய நூல்கூடத் தெரிந்தது. மாமா முகத்தில் ஈ ஆடவில்லை. மாப்பிள்ளை, "காத்து அடிக்குது, டிஷ்ஷ ஒரு பார்வை பாத்துட்டு வரேன்" என்று ஸ்பேனரோடு நழுவினான்.

மேலே வெயில் மண்டையைப் பிளந்தது. டிஷ்ஷின் கழுத்துத் திருகைத் தளர்த்தி வைத்துக்கொண்டு, கீழே ஜன்னல் பக்கம் காதைக் கொடுத்தான். ரயில் ஊதியது. கூட்டத்தின் இரைச்சல் கேட்டது. மாமா இருமினார். இரண்டு முறை இல்லை, உயிர் போகிறவர் மாதிரி விடாமல் இருமினார். மாப்பிள்ளை டிஷ்ஷை ஒரே இழுப்பாக இழுத்தான்.

கீழே சத்தம் சட்டென்று அடங்கியது. ரயிலும் இல்லை, கூட்டமும் இல்லை. வேலை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டு மாப்பிள்ளை படி இறங்கினான். நீலத் திரையைப் பார்த்து எல்லாரும் உச்சுக் கொட்டிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தபடி கூடத்துக்குள் வந்தான்.

திரையில் மாமா நின்றுகொண்டிருந்தார்.

தலை நிறைய முடியோடு, கட்டம் போட்ட சட்டையில், நேராகப் பார்த்து முழித்துக்கொண்டு நின்றார். மீசை முடியை எண்ணிவிடலாம். நெஞ்சோடு அணைத்த கையில் மஞ்சள் பிளாஸ்க். அதன் வயிற்றில் இரண்டு பச்சைக் கோடு. உச்சியில் மூடி இல்லை, தக்கை மட்டும் இருந்தது. மூலையில் பொடி எழுத்தில் 'சிக்னல் தேடுகிறோம், தயவுசெய்து காத்திருக்கவும்' என்று வந்தது. சிக்னல் போனாலும் படம் போகாது. மாப்பிள்ளைக்குத் தன் குரலே தன் காதில் கேட்டது. பழைய பெட்டியை மனதில் வைத்துக்கொண்டு புதுப் பெட்டிக்குத் திட்டம் போட்டிருக்கிறான், மடையன்.

வாத்தியார் எழுந்து கையைக் கூப்பினார். "சந்தேகமே இல்ல சார். நீங்களேதான். இத்தனை வருஷமா நான் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க."

இந்த ஒரு வார்த்தைக்காக மாமா பாதி ஆயுளைச் செலவழித்திருந்தார். இப்போது வாத்தியாரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடலாமா என்பது போலப் பார்த்தார்.

"அப்பா, எவ்ளோ ஒல்லியா இருக்கீங்க" என்று மகள் கைதட்டினாள். "அது என்னப்பா கையில?"

மாமா ரிமோட்டைத் தேடினார். அது அத்தையின் மடியில் இருந்தது. அத்தை அதோடேயே எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். பிறகு அடுப்பங்கரைக்குப் போனார். சர்க்கரை டப்பா திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து, மஞ்சள் கப்பைத் திரையில் இருந்த பிளாஸ்க்குக்குப் பக்கத்தில் பிடித்தார். அதே மஞ்சள். அதே இரண்டு கோடு.

"அப்போ பஸ்ஸு ரிப்பேர் ஆகல" என்றார்.

"ஒரு நிமிஷம்னுதான் சொன்னான்" என்றார் மாமா.

வாத்தியாருக்கு வீட்டில் ஏதோ வேலை ஞாபகம் வந்துவிட்டது. செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போனார்.

அத்தை கத்தவில்லை. கத்தியிருந்தால் மாமா தப்பித்திருப்பார். "பக்கத்து கட்டில்காரியோட அம்மாகிட்ட தண்ணி வாங்கிக் குடிச்சேன்" என்றார். "எங்கம்மா உங்களைப் பொறுப்பில்லாதவன்னு சொன்னாங்க. நான் விடல. பஸ்ஸுக்கு அவர் என்ன பண்ணுவாருன்னு சண்டை போட்டேன். சாகுற வரைக்கும் அவங்களோட சரியா பேசல."

நீ பிறந்த அன்றைக்கு அப்பா எவ்வளவு தூரம் நடந்து வந்தார் தெரியுமா என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் மகள். அழுகை வந்தது, அப்பாவிடம் காட்டப் பிடிக்கவில்லை, புருஷன் பக்கம் திரும்பினாள்.

"நீங்க மாடியில என்ன பண்ணீங்க?"

"காத்து..."

"வெளிய இலை ஆடல. கையில ஸ்பேனர் எதுக்கு?"

மாப்பிள்ளை ஸ்பேனரை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். "போய் திருப்பி வச்சுட்டு வரேன், படம் ஓடும்" என்று வாசல் பக்கம் நகர்ந்தான்.

"வேண்டாம் மாப்ள" என்றார் அத்தை. "நல்லா தெளிவா இருக்கு. இப்படியே இருக்கட்டும்."

பிறகு மாமாவிடம் கப்பை நீட்டினார். "சுடுதண்ணி கேட்டிருந்தேன்."

மாமா கப்பை வாங்கிக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போனார். அந்த அடுப்பை எப்படிப் பற்றவைப்பது என்று அவருக்குத் தெரியாது. பாத்திரம் ஒன்று விழுந்தது. கூடத்திலிருந்து யாரும் உதவிக்குப் போகவில்லை. மூன்று பேரும் திரையில் நின்றவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், அவரும் கண்ணை எடுக்காமல் அவர்களைப் பார்த்தார்.

வெகு நேரம் கழித்து மாமா இரண்டு கையாலும் கப்பைப் பிடித்துக்கொண்டு, சிந்திவிடாமல், அடிமேல் அடி வைத்து வந்தார். அத்தை வாங்கி ஒரு வாய் குடித்தார்.

"சூடு பத்தல" என்றார்.

மாமா கப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடியும் அடுப்பங்கரைக்குப் போனார்.