தீர்வை இல்லாத சாரல்

1957ஆம் வருஷம் ஆனி மாதத்தில் திருச்சி விமான நிலையத்துச் சுங்க மேஜையில், தென்காசி துல்கர்னைனின் டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது உள்ளே சாரல் பெய்துகொண்டிருந்தது. பெரிய மழை ஒன்றுமில்லை. குற்றாலத்தில் ஆனி ஆடியில் வெயிலும் காற்றுமாக முகத்தில் வந்து ஒட்டுமே, அந்தத் தூறல்தான். மூடிக்கு அடியில் கையகல மேகம் ஒன்று நின்றது. அதன் கீழே இரண்டு சட்டையும் ஒரு கைலியும் நனைந்து கிடந்தன. கொழும்பிலிருந்து அதே விமானத்தில் வந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, தங்கள் சாமான்கள் நனைந்துவிடாமல் ஓரமாக இழுத்து வைத்துக்கொண்டார்கள்.

துல்கர்னைனுக்குக் கொழும்பில் ஜவுளிக்கடை. கப்பலில் ஒருமுறை குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தியெடுத்ததிலிருந்து அவருக்கு விமானத்தில்தான் போக்குவரத்து. வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருவார், வரும்போது சும்மா வரமாட்டார். மனைவி மெஹர் பானுவுக்கான நைலான் சேலையை இடுப்பில் சுற்றி அதன்மேல் கைலி கட்டிக்கொள்வார். கைக்கடிகாரங்கள் பிஸ்கட் டின்னின் அடியில் படுத்து வரும். தீர்வை கட்டவேண்டிய சாமான் இருக்கிறதா என்று கேட்டால், இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்கிற முகத்தோடு "ஒண்ணுமில்லய்யா" என்பார். போகும்போது ஒடுங்கியிருக்கிற இடுப்பு வரும்போது மட்டும் ஏன் பருக்கிறது என்று சுங்கத்தாருக்கு நெடுநாளாகவே ஒரு சந்தேகம் உண்டு.

சாரல் பெட்டிக்குள் ஏறிய கதை இதுதான். முந்தின வருஷம் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வந்தவர், திரும்பிப் போகிற அன்று காலையில் ஐந்தருவிக்குப் போனார். தென்காசியிலிருந்து கொழும்புக்குப் போகிறவர்கள் கடைசிக் குளியல் போடாமல் ரயிலேற மாட்டார்கள். குளித்த ஈரத்தைத் துவட்டவும் மாட்டார்கள், துவட்டினால் அடுத்த வருஷம் ஊருக்கு வர வாய்க்காது என்பது அவர்கள் நம்பிக்கை. துல்கர்னைன் ஒரு படி மேலே போய்த் துண்டையும் பிழியாமல் சுருட்டிப் பெட்டிக்குள் திணித்தார். அவர் குளித்து முடிக்கிற வரைக்கும் பெட்டி அருவிக்கரையில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. தூக்கும்போது கொஞ்சம் கனத்தது. மெஹர் பானு நேந்திரங்காய் வறுவலைக் கூடுதலாக வைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். அன்று மத்தியானத்தோடு குற்றாலத்தில் சாரல் நின்றுபோனது. ஆடி பாதிகூடத் தாண்டவில்லை. சீசன் சீக்கிரமே முடிந்துவிட்டது என்று வியாபாரிகள் கடைகளைப் பிரித்துக்கொண்டு போனார்கள்.

கொழும்பில் கடைக்கு மேலே இருந்த அறையில் துல்கர்னைன் பெட்டியைத் திறந்தார், முகத்தில் சாரல் அடித்தது. அங்கே நினைத்தபோதெல்லாம் மழை பெய்யும். கூடுதலாக ஒரு மழையை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்கு மட்டும் சந்தோஷம் தாங்கவில்லை. கடை அடைத்ததும் மேலே போய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். பெஞ்சாதியையும் ஊரையும் விட்டுவந்த துக்கம் அந்த வருஷம் அவருக்கு வரவேயில்லை. இது யாருடைய சாரல் என்று அவர் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

மறு வருஷம் ஆனி பிறந்தும் குற்றாலத்து மலை காய்ந்து கிடந்தது. அருவி விழுகிற இடத்தில் பாறை பல்லைக் காட்டியது. குளிக்க வந்த வெளியூர்க்காரர்கள் தலையில் தேய்த்த எண்ணெயோடு திரும்பிப் போனார்கள். அந்தச் சமயத்தில்தான் கொழும்பில் பக்கத்துக் கடை வைத்திருந்த முகம்மது இஸ்மாயில் ஊருக்கு வந்தார். டீக்கடையில் எல்லாரும் வானத்தைத் திட்டிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, "வானத்த ஏன்வே ஏசுதீரு? சாரல் நம்ம துல்கர்னைன் ரூம்ல பொட்டிக்குள்ள கெடக்கு. நானே நனைஞ்சிருக்கேன்" என்றார். சாயங்காலத்துக்குள் சேதி பண்பொழி வரைக்கும் போய்விட்டது. இஸ்மாயில் திரும்பிப் போகும்போது மெஹர் பானு கதவுக்குப் பின்னால் நின்று சொல்லி அனுப்பினாள்: "சாரலோட வந்தா வரச் சொல்லுங்க. இல்லன்னா அவுக அங்கனயே இருந்துக்கிடட்டும். எனக்குத் தெருவுல தலை காட்ட முடியல."

அடுத்த விமானத்திலேயே துல்கர்னைன் கிளம்பிவிட்டார்.

சுங்க மேஜையில் அன்று இருந்தவர் கீழப்பாவூர் ஆவுடைநாயகம். சொந்த ஜில்லாக்காரன் என்று தெரிந்தால் இன்னும் இரண்டு பையைக் கூடுதலாகச் சோதிக்கிறவர். தீர்வை கட்டவேண்டிய சாமான் உண்டா என்று அவர் கேட்டதும், துல்கர்னைன் வாழ்க்கையில் முதல் தடவையாக, "இருக்குய்யா. சாரல்" என்று உண்மையைச் சொன்னார். ஆவுடைநாயகம் நேராக எழுந்து வந்து அவர் இடுப்பைத் தடவிப் பார்த்தார். அங்கே ஒன்றுமில்லாதது சந்தேகத்தை இன்னும் கூட்டியது. கூட இருந்த மதராஸ் அதிகாரி ஒரு விளக்குமாற்றுக் குச்சியால் மேகத்தைக் குத்திப் பார்த்தார், குச்சி நனைந்தது. தீர்வை அட்டவணையில் ஐஸ் இருந்தது, பன்னீர் இருந்தது, சாரல் இல்லை. நம் நாட்டிலிருந்து போன பொருளே திரும்பி வந்தால் தீர்வை கிடையாது, ஆனால் அதே பொருள்தான் என்று காட்டவேண்டும். காட்ட முடியாவிட்டால் பெட்டி மதராஸுக்கு விசாரணைக்குப் போகும், வெளியே வர கார்த்திகை ஆகிவிடும். கார்த்திகையில் சாரலை வைத்துக்கொண்டு குற்றாலம் என்ன செய்யும்? மெஹர் பானு கதவைத்தான் திறப்பாளா?

"போகும்போது இங்கன காட்டிட்டுப் போனீரா?" என்று கேட்டார் ஆவுடைநாயகம்.

"அது ஏறுனதே எனக்குத் தெரியாதுய்யா. எதைக் காட்ட?"

"கொழும்புலயும் மழை பெய்யத்தான் செய்யுது. இது நம்மூர்ச் சாரல்னு என்னவே அடையாளம்?"

துல்கர்னைன் அழுதுவிட்டார். முகம் ஏற்கெனவே ஈரமாக இருந்ததால் அது யாருக்கும் தெரியவில்லை. "அண்ணாச்சி, தலையை மட்டும் உள்ள விட்டுப் பாருங்க" என்றார்.

ஆவுடைநாயகம் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுப் பெட்டிக்குள் தலையை விட்டார். விட்டவர் லேசில் எடுக்கவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் கனைத்துப் பார்த்தார்கள். கடைசியில் தலை சொட்டச் சொட்ட நிமிர்ந்தவர், "பசிக்குதே" என்றார். திருச்சிக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர் அவர். தன்னுடைய தயிர்சாதத்தை முடித்தார், மதராஸ் அதிகாரியின் இட்லிகளை முடித்தார், சோதனைக்காக மேஜையில் வைத்திருந்த யாருடைய தொதல் அல்வாவையோ முடித்துவிட்டுக் கையை நக்கினார். "மத்த மழையில நனைஞ்சா தும்மல் வரும். பசி எங்கனவே வரும்? இது நம்ம சாரல்தான். விடுங்க" என்றார். மதராஸ் அதிகாரியும் கையை உள்ளே விட்டிருந்தார், அவருக்கும் பசித்தது, சாப்பிடத்தான் ஒன்றும் மிச்சமில்லை.

சோதித்த பெட்டிக்குச் சாக்கட்டியால் குறி போடவேண்டும். இந்தப் பெட்டியில் போட்ட குறி போடப் போட வழிந்தது. ஆகவே துல்கர்னைனின் கோட்டு முதுகில் குறி போட்டு அனுப்பினார்கள். அந்த முதுகோடு அவர் ஐந்தருவிக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தார். மேகம் மெல்ல வெளியே வந்து, வழி தெரிந்தவர்போல மலைக்கு ஏறிப்போனது. சாயங்காலம் அஸர் தொழுகைக்குள் அருவி விழுந்தது. மெஹர் பானு கதவைத் திறந்து, "உள்ள வாங்க" என்றாள்.

அதற்குப் பிறகு ஊரார் ஒரு முடிவுக்கு வந்தார்கள். வெளிநாட்டுச் சாமான் உள்ளே வரும்போது அரசாங்கம் சோதிக்கிறது. உள்ளூர்ச் சாமான் வெளியே போகும்போது நாமாவது சோதிக்க வேண்டாமா? துல்கர்னைன் ஒவ்வொரு வருஷமும் கிளம்புகிற அன்று தெருவில் கூட்டம் கூடும். ஒரு மனிதனின் உள்சட்டையையெல்லாம் அடுத்தவர்கள் புரட்டுவது மரியாதையில்லை என்பதால், சோதனை செய்யும் பொறுப்பை மெஹர் பானுவிடமே விட்டார்கள். அவள் வீட்டுக்குள் வைத்துப் பெட்டியைக் கவிழ்ப்பாள், துண்டைப் பிழிவாள், செருப்பைத் தட்டுவாள். அவள் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்த பிறகுதான் வண்டி நகரும். கண்டிப்பில் ஆவுடைநாயகம் எல்லாம் அவளிடம் பிச்சை வாங்கவேண்டும்.

1964இல் அப்படிச் சோதிக்கும்போது துல்கர்னைனின் சட்டைப்பை ஈரமாக இருந்தது. மெஹர் பானு விரலை விட்டுப் பார்த்தாள். உள்ளே ஒரு கைப்பிடி சாரல் தூறிக்கொண்டிருந்தது. அவள் புருஷனை நிமிர்ந்து பார்த்தாள். ஐம்பது வயது தாண்டிய அந்த மனிதர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பையின் பொத்தானைப் போட்டு, அதன்மேல் கோட்டை இழுத்து விட்டுவிட்டு, தெருவுக்குக் கேட்கும்படி, "ஒண்ணுமில்ல. போகட்டும்" என்றாள்.

அந்த வருஷம் ஐந்தருவியில் ஒரு கிளை மட்டும் கொஞ்சம் மெலிந்து விழுந்தது. குளிக்க வந்தவர்கள் மற்ற நான்கில் குளித்துவிட்டுப் போனார்கள்.