இரண்டு விளக்குக்கு நடுவே

என் புருஷன் தவசிமுத்து அந்தப் பெரிய லைட்டை லாரியில் மாட்டியதே எனக்காகத்தான். அதைச் சொன்னால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

யுத்தம் முடிந்து இரண்டு வருஷமாகியும், குண்டுக்குப் பயந்து லாரி விளக்குகளில் அடித்த கறுப்புப் பெயிண்டை யாரும் சரியாகச் சுரண்டவில்லை. அந்த மங்கலில் எண்ணூர் உப்பளத்துக் கரை ரோட்டில் அவர் ஓர் எருமையை இடித்துவிட்டார். உப்பு மூட்டை ஏற்றிவிட்டு இருட்டில் அதே ரோட்டில்தான் நானும் நடந்து வருவேன்.

"மாடு நின்ன எடத்துல நீ நின்னிருந்தா இன்னாமே ஆயிருக்கும்?" என்றார்.

பட்டாளத்தில் ஏலம் விட்ட சாமானில், சோற்றுக் குண்டான் அகலத்துக்கு ஒரு லைட்டை வாங்கி வந்தார். அவருடைய தோஸ்து அமீருதீனும் அதேபோல ஒன்று வாங்கி அவன் லாரியில் மாட்டினான்.

முன்பெல்லாம் அந்தக் கரையில் இரண்டு லாரி எதிரெதிரே வந்தால், இருவரும் விளக்கை அணைத்து, மெள்ள உருட்டி, "இன்னா மாமு" என்று குரல் கொடுத்து விலகுவார்கள். இப்போது அணைப்பதாவது! யார் லைட்டுக்கு வெளிச்சம் ஜாஸ்தி என்று பார்க்க வேண்டாமா?

அன்றைக்குக் கடைசி லோடு ஏற்றுவது என் முறை. உப்பு வாரும் பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு தனியாக வந்துகொண்டிருந்தேன். முன்னால் ஒரு வெளிச்சம் வந்தது. ஒதுங்கலாம் என்று திரும்பினால் பின்னாலும் ஒரு வெளிச்சம். வானம், ரோடு, என் கை, எதுவும் தெரியவில்லை. எல்லாம் ஒரே வெள்ளை. முன்னாலிருந்து கரகரவென்று ஒரு ஹாரன் கேட்டது. அந்த ஹாரனை எனக்குத் தெரியாதா?

"யோவ், நான்யா!" என்று கத்தினேன். எஞ்சின் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? பலகையைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு பக்கத்துப் பாத்தியில் குதித்தேன். உப்புத் தண்ணீர் வாயெல்லாம் ஏறியது. பாத்தி வரப்பில் முழங்கை உரிந்தது.

நான் வீடு வந்த கொஞ்ச நேரத்தில் அவரும் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"அமீரு எதுக்க வந்தான் பூமாரி. ரெண்டு லைட்டும் சேந்து ரோடு பட்டப்பகல் மாரி கீது. ஒரு ஈ காக்கா இல்ல. இனிமே எனக்கு பயமே இல்ல."

"எதுவும் இடிக்கலையே?"

"டயரு ஏதோ கட்ட மேல ஏறி படார்னுச்சி. அவ்ளோதான்."

ரோட்டிலிருந்து பொறுக்கி வந்து வாசலில் சாத்தி வைத்திருந்த பாதிப் பலகையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். பிடியில் என் பெயரை அவரே கத்தியால் செதுக்கியிருந்தார். அதைத் தடவினார். பிறகுதான் என் ஈரச் சேலையையும் முழங்கையையும் பார்த்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார் பாவி மனுஷன்.

"கழட்டிப் போடுய்யா அந்த சனியன" என்றேன்.

தலையைத் தூக்காமலே சொன்னார்: "அவன் லைட்டு எரியறப்ப நா அணைச்சா, எனக்குக் கண்ணே தெரியாதுமே."

அப்போது தெருவிலிருந்து அமீருதீன் குரல் கேட்டது. "தவசி! ஏலத்துல மிச்சம் இருந்த லைட்டு பூரா நம்ம பசங்களே எடுத்துகினானுங்கப்பா! நாளையிலேர்ந்து எல்லா லாரியிலயும் கீது!"

நான் முழங்கைக்கு மஞ்சள் வைத்துக் கட்டினேன். மறுநாளும் கடைசி லோடு என் முறைதான்.