பாதியாகப் போய் முக்காலாக வரும் கார்

1

யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன். எழுதமாட்டேன் என்று செய்யவில்லை. அந்த இடுக்கில்தான் இந்தக் கதை பிறந்தது.

முதல் வரியை இப்படி எழுதினேன்: ‘சனிக்கிழமை காலை, உலு திராம் பாசார்ச் சந்தையின் தகரக் கூரைமேல் வெயில்—’ வேண்டாம். வெயில் எல்லார் கதையிலும் அடிக்கிறது. அடுத்தது: ‘ஜெரால்டின் ஒரு விதவை.’ இதுவும் வேண்டாம். அப்படித் தொடங்கினால் இரண்டாவது வரியிலேயே நீங்கள் ஓர் ஆண்பிள்ளையைத் தேடப் புறப்பட்டுவிடுவீர்கள். (இருக்கிறார். ஆனால் நான் கூப்பிடும்போதுதான் வரவேண்டும்.)

காரிலிருந்து தொடங்குகிறேன்.

2

உலு திராமில் எங்கள் எதிர்வீட்டு ஜெரால்டின் அக்காவுக்கு மகன் கில்பர்ட் சிங்கப்பூர்ச் சம்பளத்தில் ஒரு சின்ன மின்சாரக் கார் வாங்கிக் கொடுத்தான். பாசாருக்கு, மாதா கோயிலுக்கு, கிளினிக்குக்குப் போய்வர. சோறாக்கும் குக்கருக்குச் சக்கரம் வைத்ததுபோல இருக்கும். கார் அவன் பெயரில் இருக்கிறது. இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

அது வந்த நாளிலிருந்து என் பிழைப்பு கெட்டது. முன்பெல்லாம் அக்காவின் பழைய கார் இருமிக்கொண்டேதான் கிளம்பும். அடுப்படியில் வெங்காயம் நறுக்கியபடியே அவள் போவதும் வருவதும் எனக்குத் தெரிந்துவிடும். இதுவோ பூனை. ஆகவே காதை விட்டுக் கண்ணைப் பயன்படுத்த வேண்டியதாயிற்று.*

சனிக்கிழமை காலையில் என்னைப் பாசாரில் இறக்கிவிட்டு அக்கா எங்கோ போவாள். இறங்கும்போது பார்ப்பேன்: பேட்டரி பாதி. சாயங்காலம் வந்ததும், மறந்துபோன குடையை எடுக்கும் சாக்கில் தலையை உள்ளே விடுவேன் (குடையை நான் மறப்பதே இல்லை). பேட்டரி முக்கால்.

பெட்ரோல் கார் என்றால் சந்தேகப்பட இடமில்லை. ஐந்து நிமிடத்தில் நிரப்பிக்கொண்டு வந்துவிடலாம். கடைத்தொகுதியில் இருக்கும் வேகமான சார்ஜரை அக்கா தொடமாட்டாள், பயம். வீட்டுப் பிளக்கில் இவ்வளவு ஏற வேண்டுமானால் பகலில் பெரும்பாதி ஓர் இடத்தில் நிற்கவேண்டும். யாருடைய வீட்டிலோ நிற்கவேண்டும்.

* அடுத்தவர் காரின் மீட்டரைப் பார்ப்பது தப்பா? கண்ணுக்கு நேரே விளக்குப் போட்டுக் காட்டினால் நான் வேறு எங்கே பார்ப்பது?

3

“என்னக்கா, உங்க காரு மட்டும் ஓட ஓட ஏறுதே. காத்துல கரண்டு புடிக்குதா?”

“உனக்கு ஏன் கஸ்தூரி இன்னும் கண்ணாடி போடல? கண்ணு நல்லா இருக்கே லா.”

“யாரு வீட்டுக் கரண்டுக்கா?”

சிக்னல் பச்சையானது. பின்னால் லாரிக்காரன் ஹார்ன் அடித்தான். அக்கா நகரவில்லை.

“இன்னிக்கு பாசார்ல எறங்காத. வந்து பாரு. பாக்காம நீ ஊருக்குச் சொல்றதுக்கு, பாத்துட்டே சொல்லு.”

இந்த இடத்தில் காரைத் தங்காக்குக்கு ஓட்டத்தான் ஆசைப்பட்டேன். துணிக்கடைகள், சேலை மூட்டைகள், கதைக்கு நிறம் கிடைக்கும்; உண்மையான ஊரும் மறைந்துவிடும். ஆனால் அந்தப் பேட்டரி பாதியில் தங்காக் போய்ச் சேராது. வழியில் எங்காவது செம்பனைக் காட்டோரம் அக்காவை நிறுத்த எனக்கு மனசில்லை. ஆகவே, மன்னிக்கவும், கோத்தா திங்கிதான்.

ஆற்றுப் பக்கத்து வீடு. பள்ளி பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற செல்லப்பன் வாசலில் நின்றார். மனைவி இறந்து பல வருடம். அவரிடம் இருப்பது ஒரு மோட்டார் சைக்கிள். ஆனால் வாசல் சுவரில், என் தலைக்கு மேலே, புத்தம் புதிதாக ஒரு பிளக் பாயிண்ட்.

“உங்ககிட்ட காரே இல்ல. வெளிய எதுக்கு பிளக்கு?” என்றேன். நாகரிகமெல்லாம் பார்த்தால் கதை கிடைக்குமா?

“வர்ற காருக்கு.”

“அது ஏன் அவ்ளோ ஒசரத்துல?”

சுவரில் பழுப்பாக ஓடிய கோட்டைக் காட்டினார். “வெள்ளம் அது வரைக்கும் ஏறுச்சு. அதுக்கு மேல வச்சுட்டேன். இவங்க காருக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுல்ல.”

“அலமாக்! வெள்ளம் வந்தா காரு மெதந்து போயிடும், பிளக்கு மட்டும் காஞ்சு நிக்கும்,” என்றாள் அக்கா. “இந்த ஆளோட அறிவப் பாத்தியா கஸ்தூரி?”

அவர் சிரித்துக்கொண்டே வயரை மாட்டப் போனார்.

அதற்கப்புறம் அங்கே— ஒன்றும் நடக்கவில்லை. மீன் கறி சாப்பிட்டோம். அக்கா சாய்வு நாற்காலியிலேயே தூங்கிப்போனாள். செல்லப்பன் டிவி சத்தத்தைக் குறைத்தார். ஒரு கதாசிரியைக்கு இப்படியும் துரோகம் செய்வார்களா?

(முதல் பிரதியில் செல்லப்பனுக்குக் குளுவாங்கில் இன்னொரு தொடுப்பு வைத்திருந்தேன், கதை சூடு பிடிக்கட்டும் என்று. அடித்துவிட்டேன். அந்த உயரத்தில் பிளக் வைத்த ஆளுக்கு அது ஒட்டவில்லை.)

4

மறுவாரம் கில்பர்ட் போன் செய்தான்.

“ஆண்ட்டி, சனிக்கிழமையானா அம்மா காரு கோத்தா திங்கியில சார்ஜ் ஏறுதுன்னு என் போன் காட்டுது. யாரு வீடு அது?”

காரை வேவு பார்க்க ஒரு ஆப் இருப்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும். குடையை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடென்ன, அவன் சிங்கப்பூரில் காலை நீட்டி உட்கார்ந்து பார்ப்பதென்ன!

“ஜெபக் கூட்டம்பா.”

“அவ்ளோ நேரமா?”

“சாமிகிட்ட சொல்ல நெறைய இருக்கும்ல.”

“யாராச்சும் ஆம்பளன்னு தெரிஞ்சா காரத் திருப்பி எடுத்துருவேன் ஆண்ட்டி. நாளைக்கு ஊரு என்னையத்தான் சிரிக்கும்.”

ஊர் என்று அவன் சொன்னது பெரும்பாலும் என்னைத்தான்.

அக்காவிடம் அப்படியே ஒப்பித்தேன். அழுவாள் என்று எதிர்பார்த்து டிஷ்யூப் பெட்டியைக்கூட நகர்த்தி வைத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கிறிஸ்மஸுக்கு வருவான். பக்கத்துல உக்கார வச்சு நானே சொல்றேன். நான் சொன்னா அது செய்தி. வேற யாராச்சும் முந்திக்கிட்டா அது கள்ளத்தனமாயிரும். சத்தியம் பண்ணு.”

“மாதா மேல சத்தியம்க்கா.”

“எங்க மாதா வேணாம், மீறிருவ. உங்க மாரியம்மா மேல பண்ணு.”

5

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

கிறிஸ்மஸ் கேக்கை வெட்டுகிறார்கள், கில்பர்ட் கண் கலங்கி அம்மாவைக் கட்டிக்கொள்கிறான்— அவனை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். கேக்கை மட்டும் சாப்பிடுவான்.

கார் போய்விடுகிறது. சனிக்கிழமைகளில் அக்கா வாசல் இரும்புக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கோத்தா திங்கியில் ஒருவர் பிளக்கின் சுவிட்சைப் போட்டுப் பார்த்து, அணைத்து— இதை எழுதிவிட்டுத் திரும்பப் படிக்கவில்லை.

மூன்றாவது முடிவை எழுதப்போவதில்லை. என் கையில் இல்லாததை நான் எப்படி எழுதுவது?

கில்பர்ட்டுக்குத் தமிழ் வாசிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் இத்தனையும் எழுதினேன். ஆனால் உங்களுக்கு வருகிறதே! பெயர்களை மாற்றியிருக்கிறேன், என்னுடையதைக்கூட. அது போதாது. நானாக இருந்தால் பிளக்கின் உயரத்தை வைத்தே வீட்டைக் கண்டுபிடித்திருப்பேன். உங்களில் யாருக்காவது உலு திராமில் ஒரு மாமியோ சித்தப்பாவோ இல்லாமலா போவார்கள்?

இன்று சனிக்கிழமை. சத்தமில்லாமல் கார் வாசலில் வந்து நிற்கிறது. “பாசாருக்கு வர்றியா இல்லியா?” என்கிறாள் அக்கா. ஏறி உட்கார்ந்து மீட்டரைப் பார்க்கிறேன். பாதி.

கிறிஸ்மஸுக்கு இன்னும் சில சனிக்கிழமைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் இது முக்காலாகத் திரும்பி வருமா என்பது இனி உங்கள் வாயில்தான் இருக்கிறது.